ஆப்கானியரின் முதல் பதக்கம்

நம் வீட்டுப் பிள்ளை கராத்தே பயிலப் போகிறேன் என்று பிடிவாதம் செய்தால், "படிப்பு என்னாவது?" என்று நாம் கேட்பது வழக்கம். ரூஹுல்லாஹ் நிக்பாயின் குடும்பத்தார் முன் இருந்த கேள்வி வேறு. பிள்ளைகளை உயிரோடு காப்பாற்றுவது எப்படி என்பதே அது.

ஆப்கானிஸ்தானில் 1987ஆம் ஆண்டு பிறந்த அவர், பத்து வயதில் காபூலில் டேக்வாண்டோ கற்கத் தொடங்கினார். கொரியாவில் தோன்றிய இத்தற்காப்புக் கலையில் கைகளைவிடக் கால்களுக்கே வேலை அதிகம். உள்நாட்டுப் போர் அக்குடும்பத்தை ஈரானுக்குத் துரத்தியது. அகதி வாழ்விலும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. ஆப்கான் அகதிகளின் அணியில் இடம்பெற்றார். 2004இல் காபூல் திரும்பினார்.

ஆப்கானிஸ்தான் 1936இலேயே ஒலிம்பிக்கில் அடியெடுத்து வைத்த நாடு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆனால் 72 ஆண்டுகளாக ஒரு பதக்கமும் இல்லை. 1999இல் அந்நாடு இடைநீக்கம் செய்யப்பட்டதால், 2000ஆம் ஆண்டின் சிட்னி போட்டிகளில் அதன் கொடியே பறக்கவில்லை.

இந்நிலையில்தான் 2008 ஆகஸ்டில், 58 கிலோ பிரிவில் நிக்பாய் பெய்ஜிங் களத்தில் இறங்கினார். மெக்சிகோவின் கில்லெர்மோ பெரெஸிடம் தோற்றார். அத்தோடு முடிந்தது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் டேக்வாண்டோவில் ஒரு விதி உண்டு. உங்களை வீழ்த்தியவர் இறுதிப் போட்டிவரை சென்றால், வெண்கலத்துக்காகப் போராட உங்களுக்கு மறுவாய்ப்புக் கிடைக்கும். பெரெஸ் இறுதிவரை சென்றார், தங்கமும் வென்றார். மறுவாய்ப்புப் பெற்ற நிக்பாய், உலகச் சாம்பியன் பட்டம் வென்றிருந்த ஸ்பெயின் வீரர் ராமோஸை 4-1 என வீழ்த்தினார்.

வெண்கலம்தானே என்று உதட்டைப் பிதுக்காதீர்கள்! காபூலில் மக்கள் திரண்டு வந்து அவரை வரவேற்றனர். அவர் ஹஸாரா இனத்தவர். மகிழ்ச்சியோ இன பேதமின்றி எல்லா ஆப்கானியருக்கும் உரியதாயிற்று. அதிபர் கர்சாய் அவருக்கு வீடு வழங்கினார்.

எனினும் முதல் வெற்றியைவிட இரண்டாவதே கடினமானது என்பது என் கருத்து. ஒலிம்பிக்கில் ஆடவருக்கு நான்கே எடைப் பிரிவுகள். 58 கிலோவைத் தாண்டினால் அடுத்தது 68. 2012இல் லண்டனில், தம்மினும் கனத்த உடலினரோடு மோதிப் பழகியவர்கள் நடுவே அவர் நிற்க வேண்டியதாயிற்று. புள்ளி வழங்கும் முறையும் மாறியிருந்தது. பெய்ஜிங்கில் உதை சரியாகப் பட்டதா என்பதை நடுவர்களின் கண்களே தீர்மானித்தன. லண்டனில் மார்புக் கவசத்தினுள் பொருத்திய மின்கருவி தீர்மானித்தது. முன்பு அடைக்கலம் தந்த ஈரானின் வீரரிடமே தோற்று, மீண்டும் மறுவாய்ப்பின் வழியே வந்து, பிரிட்டனின் மார்ட்டின் ஸ்டாம்பரை அவரது சொந்த மண்ணிலேயே 5-3 என வென்றார். மறுபடியும் வெண்கலம்! 2024 பாரிஸ் போட்டிகள் வரை ஆப்கானிஸ்தானின் ஒலிம்பிக் பதக்கங்கள் இவ்விரண்டு மட்டுமே.

2008இல் அந்த வெற்றியைக் கண்டு உந்தப்பட்டவர்களுள் ஒருவர், ஒரு கை முழுமையாக வளராமல் பிறந்த ஹெராத் நகரச் சிறுமி ஸகியா குதாதாதி. அவரும் டேக்வாண்டோ பயின்றார். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது நகருக்குள் சிக்கி, உதவி கோரிக் காணொளியில் முறையிட்டு, மீட்கப்பட்டு, டோக்கியோ பாராலிம்பிக்கில் போட்டியிட்டார். பின்னர் பிரான்சில் குடியேறினார். 2024இல் பாரிஸில் 47 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் அகதிகள் அணிக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது.