உங்களுக்குத் தெரியுமா? பெங்களூரு குட்டி ஹோட்டல் ஸ்பெஷல்!

லீவுக்கு பெங்களூரு கிளம்புகிறீர்களா? வானத்தைத் தொடும் கண்ணாடிக் கட்டடங்களை விடுங்கள். பழைய பேட்டையில், மரத்தடியில், ஏழெட்டு அறையோடு நிற்கும் குட்டி ஹோட்டல்தான் இந்த ஊருக்கு அழகு! ஏன் என்கிறீர்களா? வரிசையாகத் தருகிறோம், அசந்து போவீர்கள்!

★ ரேஸ் கோர்ஸ் ரோட்டில் 20 ஏக்கரில் பரந்து கிடக்கிறதே தாஜ் வெஸ்ட் எண்ட்! 1887-ல் அது என்ன தெரியுமா? பிரான்சன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி நடத்திய போர்டிங் ஹவுஸ். மொத்தமே 10 அறைகள்!

★ அந்தப் பத்து அறை விடுதி வளர்ந்ததும் அதை வாங்கியது யார்? நம்ம மெட்ராஸ் ஸ்பென்சர் கம்பெனி!

★ ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ என்று மத்திய சுற்றுலா அமைச்சகத்திடம் சான்று வாங்க நூறு அறை வேண்டுமா? வேண்டவே வேண்டாம். 5 அறை இருந்தாலே போதும்! ஆனால் கட்டடம் 1950-க்கு முந்தியதாக இருக்க வேண்டும். போர்டைப் பார்த்து மயங்காதீர்கள், கட்டிய வருஷத்தைக் கேளுங்கள்!

★ இன்னும் குட்டியாக வேண்டுமா? அதே அமைச்சகத்தின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டத்தில் ஒரே ஒரு அறையை வாடகைக்கு விட்டாலும் பதிவு செய்யலாம். அதிகபட்சம் 6. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அங்கேயே குடியிருந்தாக வேண்டும் என்பது விதி!

★ அறைக்கு நம்பர் எதற்கு? மல்லேஸ்வரத்தில் பொட்டிபட்டி ரெட்டி குடும்பத்தின் பழைய தோட்ட வீட்டை நீம்ரானா குழுமம் விடுதியாக்கியபோது, அறைகளுக்கு வைத்தது என்ன பெயர் தெரியுமா? புடவைப் பெயர்கள்!

★ பழைய பங்களா என்று அடையாளம் காண ஒரு சுலப வழி. ஜன்னலுக்கு மேலே பாருங்கள். மரச் சட்டங்களை வரிசையாக அடித்து, உச்சியில் கூராக முடியும் ஒரு சின்னக் கூரை நீட்டிக்கொண்டிருக்கிறதா? அதுதான் ‘மங்கி டாப்’! பெங்களூரு பங்களாவின் முத்திரையே அதுதான்!

★ அப்படியே கூரையைப் பாருங்கள். மங்களூர் ஓடா? அந்த ஓட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865!

★ செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போங்கள். கீழே சிவப்பு ஆக்ஸைடு தரை! துடைத்துத் துடைத்து முகம் பார்க்கிற அளவுக்கு மினுமினுக்கும். ஓரத்தில் கறுப்புக் கரை. மத்தியான வெயிலிலும் உள்ளங்கால் ஜில்லென்றிருக்கும்!

★ ஏ.சி. வேண்டுமா, வேண்டாமா? ஊர் இருப்பது கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில். 1884 ஜனவரி 13 அன்று இங்கே பதிவான குளிர் 7.8 டிகிரி! 2016 ஏப்ரல் 24 அன்று அடித்த வெயில் 39.2 டிகிரி! ஏப்ரலில் போனால் ஏ.சி. கேளுங்கள், ஜனவரியில் போனால் கம்பளி கேளுங்கள்!

★ மல்லேஸ்வரமும் பசவனகுடியும் எப்படிப் பிறந்தன தெரியுமா? பிளேக் நோயால்! 1898-ல் கொள்ளைநோய் ஊரை உலுக்க, காற்றோட்டமாகப் போட்ட புதுப் பேட்டைகள் இவை. அகலத் தெரு, வீட்டுக்குப் பின்னால் தனிச் சந்து. இன்றைக்கும் குட்டி ஹோட்டல் தேட அருமையான இடங்கள்!

★ மல்லேஸ்வரத்தில் தங்கினால் காடு மல்லேஸ்வரர் கோயிலுக்கு நடந்தே போகலாம். 1669-ல் அந்தக் கோயிலுக்கு ஒரு கிராமத்தையே எழுதி வைத்தவர் சிவாஜியின் தம்பி ஏகோஜி. அவர்தான் பிறகு நம்ம தஞ்சாவூரில் மராத்திய ஆட்சியைத் தொடங்கியவர்!

★ பசவனகுடியில் அறை கிடைத்ததா? கன்னடப் பஞ்சாங்கத்தின் கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை அங்கே இருங்கள். பெரிய நந்தி கோயிலைச் சுற்றித் தெருவெல்லாம் வேர்க்கடலை! அதுதான் கடலைக்காய் பரிஷே திருவிழா!

★ லால்பாக் பக்கத்தில் அறை எடுத்தால் விடியற்காலை வாக்கிங் எங்கே? சுமார் 300 கோடி வயதான பாறை மேல்! தோட்டத்தின் பரப்பு 240 ஏக்கர், கண்ணாடி மாளிகையின் வயதை 1889-லிருந்து எண்ணிக்கொள்ளுங்கள்!

★ ‘காலை டிபனோடு சேர்த்து’ என்ற பேக்கேஜை வாங்கிவிடாதீர்கள்! 1924-ல் தொடங்கிய எம்.டி.ஆர். உணவகம் வாசலில் காத்திருக்கிறது. உலகப் போரில் அரிசி கிடைக்காமல் போக, ரவையைப் போட்டு இட்லி சுட்ட இடம் அது. ரவா இட்லியின் பிறந்த வீடு!

★ காந்தி பஜார் வித்யார்த்தி பவனில் 1943 முதல் மசால் தோசை. வெள்ளிக்கிழமை லீவு! எம்.டி.ஆருக்குத் திங்கட்கிழமை லீவு! அறை போடும்போதே கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்!

★ சங்கரபுரம் பிராமின்ஸ் காபி பார். 1965 முதல் இட்லி, வடை கொடுக்கிறார்கள். சாம்பார்? கிடையவே கிடையாது. சட்னி மட்டும்தான். அதற்கே அவ்வளவு கூட்டம்!

★ காரெல்லாம் வேண்டாம். தென்னிந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் ஓடியதே இங்கேதான், 2011 அக்டோபர் 20! ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரத்தில் ஹோட்டல் அமைந்தால் டிராஃபிக் கவலையே இல்லை!

★ ஒற்றைப்படை வருஷம், பிப்ரவரி மாதம். உஷார்! எலஹங்காவில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி வரும். 2023, 2025 இரண்டுமே அப்படித்தான். ஊரில் அறைக்குத் தட்டுப்பாடு!

★ ரிசப்ஷனில் ஆதார் கேட்கிறார்களா? ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்கள். 12 இலக்கத்தில் வெளியே தெரிவது கடைசி 4 மட்டும்!

★ வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் சிங்கப்பூர் சித்தப்பாவும் உங்களோடு வருகிறாரா? அவர் வந்து இறங்கியதை ஹோட்டல்காரர் அரசுக்குத் தெரிவிக்க இருக்கும் அவகாசம் வெறும் 24 மணி நேரம்! அதை முறையாகச் செய்யும் ஹோட்டலா என்று முன்பே கேட்டு வையுங்கள்!

★ பில் பாக்கி வைத்துப் போன ஒரு பெரிய மனிதர் தெரியுமா? வின்ஸ்டன் சர்ச்சில்! பெங்களூரு கிளப்பின் 1899-ம் ஆண்டுக் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு எதிரே இன்றும் இருக்கிறது வராக்கடன். தொகை 13 ரூபாய்!

★ பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ தானாகவே ஏறியிருக்கிறதா? எடுக்கச் சொல்லுங்கள்! 2022 ஜூலை 4 அன்றே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைக் கூடாது என்று சொல்லிவிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்துவிட்டது!

★ கடைசியாக ஒரு தங்கமான கணக்கு! 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு மேல் போனால் 18 சதவீதம்! 7,500 ரூபாய் அறைக்கு நீங்கள் கட்டுவது 7,875 ரூபாய். 7,501 ரூபாய் அறைக்கு 8,851 ரூபாய். வாடகையில் ஒரே ஒரு ரூபாய் கூடினால், பில்லில் கூடுவது 976 ரூபாய்!