குழந்தைக்கு எத்தனை மார்க்?

சென்ற வாரம் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கு நாம் சென்றிருந்தோம். வாசற்படி ஏறும்போதே, உள்ளே ஏதோ விபரீதம் நேர்ந்திருக்கிறதென்று தெரிந்து போயிற்று. நண்பர் ஊஞ்சலில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவியார் முந்தானையால் கண்களைத் துடைத்துக் கொண்டிருந்தார். பாட்டி மட்டும், "நன்றாயிருக்கிறது உங்கள் துக்கம்! பச்சைக் குழந்தை, பள்ளிக்கூடம் போய் ஆறு மாதம் ஆகவில்லை!" என்று இருவரையும் கடிந்து கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். முதல் வகுப்பில் சேர்ந்திருக்கும் அவர்களுடைய புதல்விக்குப் பாடசாலையிலிருந்து முன்னேற்ற அறிக்கை வந்திருந்தது. அதில் கணக்குக்கு எதிரே, "மிகவும் பின்தங்கியிருக்கிறாள்" என்று எழுதியிருந்தது. "பரம்பரையாகக் கணக்கில் கெட்டிக்காரக் குடும்பம். இப்படி வந்து வாய்த்ததே!" என்று பெருமூச்சு விட்டார் நண்பர்.

அந்தச் சமயத்தில் பாட்டி, "கண்ணு! எல்லாருக்கும் காப்பி கலக்கப் போகிறேன். டம்ளர் எடுத்து வை" என்றாள். குழந்தை கூடத்தை ஒரு முறை சுற்றிப் பார்த்தது; உள்ளே போயிற்று; டம்ளர்களைக் கொண்டு வந்து வரிசையாக வைத்தது. மறுபடியும் நம்மையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு வேணும், பாட்டி. ஐந்துதான் இருக்கு. மாமாவுக்கு இல்லை" என்றது.

ஆறு பேர், ஐந்து டம்ளர், குறைவது ஒன்று! கூட்டலும் கழித்தலும் இதில் அடங்கியிருக்கவில்லையா? பின், பாடசாலையில் நேர்ந்தது என்ன? மெல்ல விசாரித்ததில் உண்மை வெளியாயிற்று. எண்களின் பெயர்களை இங்கிலீஷில் சொல்லி எழுதச் செய்திருக்கிறார்கள். 'ஸெவன்' எது, 'இலெவன்' எது என்று குழந்தைக்குக் குழப்பம். ஆக, அன்று அளக்கப்பட்டது கணக்கு அல்ல, இங்கிலீஷ் காது! பழியோ கணக்கின் மீதும், கடைசியில் பரம்பரையின் மீதும் விழுந்தது.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான், பள்ளி வாழ்வின் முதல் வருஷத்தில் குழந்தைகளை எப்படி மதிப்பிடுகிறார்கள், எப்படி மதிப்பிட வேண்டும் என்பதைப் பற்றி நேயர்களுடன் சிறிது பேசலாம் என்று தோன்றிற்று.

காதைத் தொட்ட காலம்

நம் பாட்டனார் காலத்துப் பரீக்ஷை மிகவும் சுலபமானது. வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் பள்ளியில் இடம் உண்டு. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா என்பார் வாத்தியார். பிறந்த தேதி எழுதி வைக்காத காலத்தில், உடல் வளர்ச்சியைக் கொண்டு வயதை ஊகிக்கும் உபாயம் அது. சிறு குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது, கை குட்டை. ஆறு வயதை நெருங்கும்போதுதான் கை எட்டுகிறது. அந்தப் பரீக்ஷையில் ஒரு தர்மம் இருந்தது. காது எட்டாத குழந்தையை யாரும் மந்தம் என்று சொல்லவில்லை. "இன்னும் வளரட்டும்" என்று மட்டுமே சொன்னார்கள்.

இன்றோ, தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் 5 வயது நிறைந்த குழந்தையை முதல் வகுப்பில் சேர்க்கிறார்கள். மத்திய சர்க்காரின் கேந்திரிய வித்யாலயங்களில் 2022-ம் வருஷம் முதல் 6 வயது ஆகியிருக்க வேண்டும். ஒரே வகுப்பில் அருகருகே உட்காரும் இரு குழந்தைகளுக்குள் ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம் இருக்கக்கூடும். நமக்கு ஒரு வருஷம் பெரிதல்ல. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு! இருவரையும் ஒரே தராசில் நிறுத்து, ஒருவனை முதல்வன் என்றும் மற்றவனைக் கடையன் என்றும் சொல்வது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

சட்டம் சொல்வது

நம் தேசத்துச் சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. 2009-ம் வருஷத்தில் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். குழந்தையைச் சேர்த்துக் கொள்ளும்போது, குழந்தையையோ பெற்றோரையோ பரீக்ஷித்துப் பொறுக்கி எடுக்கலாகாது என்கிறது அதன் 13-வது பிரிவு. மீறுகிறவர்களுக்கு முதல் தடவை 25,000 ரூபாய் வரையிலும், பிறகு ஒவ்வொரு தடவையும் 50,000 ரூபாய் வரையிலும் அபராதம். குழந்தையைப் பயத்திலிருந்தும் மனக் கலக்கத்திலிருந்தும் விடுவிக்க வேண்டும், அதன் அறிவை இடைவிடாமலும் முழுமையாகவும் கவனித்து மதிப்பிட வேண்டும் என்கிறது 29-வது பிரிவு.

"சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றி அல்லவா?" என்று சிலர் கேட்கக் கூடும். ஆம். ஆறு வயதுக் குழந்தையைச் சலித்து எடுப்பது குற்றமென்றால், மூன்று வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பது மட்டும் புண்ணியமாகி விடுமா?

சட்டத்தை அனுசரித்து, தமிழ்நாட்டில் 2012-ம் வருஷத்தில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தன. ஒவ்வொரு பருவத்திலும் 100 மார்க்கில் 40, வகுப்பில் குழந்தை அன்றாடம் செய்யும் காரியங்களுக்கு. இதை வளரறி மதிப்பீடு என்றார்கள். மீதி 60, பருவ முடிவில் வைக்கும் பரீக்ஷைக்கு. இது தொகுத்தறி மதிப்பீடு. 2020, 2021-ம் வருஷங்களில் கொள்ளை நோயினால் பாடசாலைகள் மூடிக் கிடந்ததன் விளைவைச் சரிசெய்ய, 2022 ஜூன் மாதத்தில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் அரசாங்கப் பாடசாலைகளில் ஆரம்பமாயிற்று. அதில் கற்றலின் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயரிட்டார்கள். பெயர் வைத்தவரை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். அரும்பு தோற்றுப்போன மலர் அல்ல. நாளைக்கு மலரப் போவது!

மத்திய சர்க்கார் 2022 அக்டோபரில் வெளியிட்ட அடிப்படைப் பருவப் பாடத்திட்டமும், 3 வயது முதல் 8 வயது வரை வெளிப்படையான பரீக்ஷைகள் அறவே பொருந்தா என்று கூறுகிறது. குழந்தையைக் கூர்ந்து கவனிப்பது, அது வரைந்ததையும் எழுதியதையும் செய்ததையும் ஆராய்வது ஆகிய இரண்டே அது காட்டும் வழிகள். முதல் வகுப்பு முடிவில் எதை எதிர்பார்க்கலாம்? முன் பார்த்திராத சிறு வாக்கியத்தில் நாலைந்து எளிய சொற்களைப் படித்தல்; 99 வரை எண்களைப் படித்து எழுதுதல்; எளிய கூட்டல், கழித்தல். 2021-ல் தொடங்கிய தேசிய இயக்கம் வகுத்த அளவு இவ்வளவே.

கவனிப்பது எப்படி?

கவனிப்பது என்றால் சும்மா பார்த்துக் கொண்டிருப்பது அல்ல. ஒரு குழந்தை ஒன்று முதல் இருபது வரை கடகடவென்று ஒப்பிக்கிறது. "ஏழு புளியங்கொட்டை கொண்டு வா" என்றால், கை கொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு வருகிறது. அதற்குத் தெரிந்தது எண்ணின் பாட்டு, எண் அல்ல. இன்னொரு குழந்தை அகர வரிசையைப் பிசகாமல் சொல்கிறது. நடுவில் ஓர் எழுத்தைக் காட்டினால் விழிக்கிறது. வேறொன்று வகுப்பில் வாயே திறப்பதில்லை; வீட்டுத் திண்ணையிலோ முழுக் கதையையும் சொல்லித் தீர்க்கிறது. இவற்றையெல்லாம் ஒரு மணி நேரப் பரீக்ஷைக் காகிதம் எங்ஙனம் கண்டறியும்?

டாக்டர் மாண்டிஸோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரத்து ஏழைக் குழந்தைகளிடையே தொடங்கிய வேலையின் ஆதாரமே இந்தக் கவனிப்புத்தான். அந்த அம்மையார் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்த காலத்தை இந்தியாவிலேயே கழித்து, நூற்றுக்கணக்கான உபாத்தியாயர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தையைத் திருத்துவதற்கு முன்னால் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பாடம் நம் ஊருக்குப் புதிதல்ல. நாம் மறந்துவிட்ட பாடம்.

குழந்தைகளின் அறிவை அளக்கும் முறையை 1905-ல் முதன் முதலாக வகுத்த பிரெஞ்சுக்காரர் ஆல்பிரட் பினே என்பவரின் நோக்கமும், யாரையும் மட்டம் தட்டுவதல்ல. எந்தக் குழந்தைக்கு அதிக உதவி வேண்டும் என்று கண்டுபிடிப்பதே அவர் விரும்பியது. அறிவு என்பது கூடாமலும் குறையாமலும் நிற்கும் பொருள் என்ற கொள்கையை அவரே கண்டித்தார். ஜுரமானியை வைத்தியர் வைப்பது மருந்து கொடுப்பதற்காக. ஜுரத்தின் அளவைத் தெருவில் விளம்பரப்படுத்துவதற்காக அல்லவே!

உபாத்தியாயர்களின் சங்கடத்தையும் நாம் மறக்கவில்லை. 30 குழந்தைகளுக்கு ஒருவர் என்பது சட்டத்தின் கணக்கு. அதற்கு மேல் குழந்தைகளை அடைத்துவிட்டு, ஒவ்வொன்றையும் உற்றுப் பார் என்று அவரிடம் சொன்னால் அவர் என்ன செய்வார்? அப்போது மார்க்குதான் அவருக்குப் புகலிடம் ஆகிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

முன்னேற்ற அறிக்கை கைக்கு வந்ததும், "எத்தனையாவது ராங்க்?" என்று கேளாதீர்கள். உபாத்தியாயரிடம் போய் நான்கு கேள்விகள் கேளுங்கள். என் குழந்தை எதைத் தானாகச் செய்கிறது? எதைக் கைகொடுத்தால் செய்கிறது? எந்த விதத்தில், எந்த பாஷையில் கேட்டுப் பார்த்தீர்கள்? வீட்டில் நாங்கள் செய்யக்கூடியது என்ன? கண் சரியாகத் தெரிகிறதா, காது சரியாகக் கேட்கிறதா என்று வைத்தியரிடம் ஒரு முறை காட்டுவதும் அவசியம். பலகை தெரியாத குழந்தைக்குப் பாடம் தெரியவில்லை என்று பெயர் வந்துவிடுவது உண்டு. குழந்தை உண்மையிலேயே பின்தங்கியிருந்தால், அதை மறைப்பதும் அன்பாகாது. சீக்கிரம் தெரிந்தால் சீக்கிரம் உதவலாம்.

நண்பரும் அவர் மனைவியாரும் மறுநாளே பாடசாலைக்குப் போனார்கள். உபாத்தியாயினி நல்லவர். குழந்தையை அருகே அழைத்து, மேஜை மேல் இருந்த பென்ஸில்களைக் கொடுத்துத் தமிழிலேயே கேட்டாராம். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் வந்தது. "இங்கிலீஷ் எண்களை மெதுவாகச் சொல்லிக் கொடுக்கிறேன். கணக்கைப் பற்றிக் கவலை வேண்டாம்" என்று அனுப்பி வைத்தாராம்.

ஆனால் பாட்டிக்கு ஒரு குறை தீரவில்லை. அன்று அறிக்கையைப் படித்தபோது குழந்தையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. இரவில் பாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாட்டி! நான் அசடா?" என்று கேட்டதாம். அந்தக் கேள்விக்கு எந்த அறிக்கையில், யார் பதில் எழுதுவது?