இரண்டு கிலோ வாங்கினால் நாலு கிலோ!

சுட்டிகளே! ஒரு யானையை ஒளித்து வைக்க வேண்டும். எங்கே வைப்பீர்கள்? காட்டிலா? மலைக்குப் பின்னாலா? திருத்துறைப்பூண்டிப் பக்கம் கேட்டுப் பாருங்கள். "நெல் வயலில்!" என்பார்கள்.

நிஜம்தான். 'காட்டுயானம்' என்று ஒரு நெல் உண்டு. ஏழு அடி உயரம்கூட வளரும். உள்ளே யானை நின்றால்கூட வெளியே தெரியாதாம். அதனால்தான் இந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். அறுவடைக்கு ஆறு மாதம் ஆகும். வைக்கோல் மாட்டுக்கும், கூரைக்கும்!

நம் காவிரி டெல்டாவில் நெல்லுக்கு இருந்த பெயர்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். சீரகம் மாதிரி பொடியாக இருப்பது சீரகச் சம்பா. மல்லிகை மொட்டு மாதிரி வெளுத்திருப்பது தூயமல்லி. அறுபது நாளில் அவசரமாக விளைவது அறுபதாம் குறுவை. உமி கறுப்பாகவும் உள்ளே அரிசி சிவப்பாகவும் இருப்பது கருங்குறுவை. வேதாரண்யம் பக்கம் உப்பு மண்ணிலும் அசராமல் வளர்வது குழியடிச்சான். மாப்பிள்ளைச் சம்பா? அந்தக் காலத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை இளவட்டக்கல்லைத் தூக்கிக் காட்ட வேண்டுமாம். அதற்குப் பலம் கொடுத்த அரிசி இது என்று கதை சொல்வார்கள். (சாப்பிட்டுவிட்டு ஸ்கூல் பையைத் தூக்கிப் பாருங்களேன்!)

இத்தனை நெல்லும் எங்கே போச்சு?

1960களில் நாட்டில் உணவுப் பஞ்சம். எல்லோருக்கும் சோறு கிடைக்க வேண்டும். அதனால் குட்டையாக வளர்ந்து, உரம் போட்டால் நிறைய விளையும் புதிய ரகங்களை விஞ்ஞானிகள் கொண்டு வந்தார்கள். நம் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் பல ரகங்களைத் தந்தது. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது, பசி தீர்ந்ததே! ஆனால் புது நெல் வயலுக்குள் வந்ததும், பழைய நெல் ஒவ்வொன்றாக வெளியே போய்விட்டது.

"கொஞ்சம் விதையை எடுத்துப் பத்தாயத்தில் பூட்டி வைத்திருக்கலாமே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்!

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சை விளைகிறதல்லவா? ஒரு தடவை குச்சியை நட்டுப் பந்தலில் ஏற்றிவிட்டால், அதே கொடி வருடக்கணக்கில் காய்க்கும். தோட்டம் இருக்கும்வரை அந்த ரகமும் இருக்கும். நெல் அப்படி இல்லை. கதிர் முற்றியதும் அறுத்துவிடுவோம். மிச்சம் இருப்பது விதை மட்டுமே. அந்த விதைக்கும் உயிர் கொஞ்ச காலம்தான். வைக்கோலைச் சுற்றி, சாணி மெழுகிய விதைக்கோட்டையில் வைத்தாலும், இரண்டு மூன்று வருடம் போனால் பெரும்பாலும் முளைக்காது. பார்ப்பதற்கு நெல் மாதிரியே இருக்கும். ஆனால் உள்ளே உயிர் இருக்காது. ஊரில் ஒருவரும் விதைக்காமல் சில வருடம் விட்டால் போதும், அந்த ரகம் அங்கே அழிந்தே போகும்.

பிலிப்பைன்ஸ் நாட்டில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1,30,000க்கும் மேற்பட்ட நெல் வகைகளைக் கடுங்குளிர் அறையில் வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு ஃபிரிட்ஜ் அதற்கு ஈடாகுமா?

2003ல் இயற்கை விவசாயி நம்மாழ்வார் பூம்புகாரிலிருந்து கல்லணை வரை நடைபயணம் போனார். அவரோடு நடந்தவர்களில் ஒருவர் ஜெயராமன். நுகர்வோர் அமைப்பில் வேலை பார்த்தவர். வழியில் விவசாயிகளிடம் ஏழு பாரம்பரிய நெல் ரகங்கள் கிடைத்தன. நம்மாழ்வார் அவற்றை ஜெயராமனிடம் கொடுத்து, பெருக்கச் சொன்னார். ஏழு கைப்பிடி விதையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜெயராமன் பூட்டி வைக்கவில்லை. கொடுத்துவிட்டார்!

2006ல் திருத்துறைப்பூண்டி அருகே உள்ள ஆதிரெங்கம் கிராமத்தில் நெல் திருவிழா தொடங்கினார். வரும் விவசாயிக்கு இரண்டு கிலோ விதை இலவசம். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்த வருடம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும்.

கணக்குப் போடலாமா? முதல் வருடம் 1 விவசாயி. அவர் தரும் நாலு கிலோ அடுத்த வருடம் 2 பேருக்குப் போகும். அதற்கு அடுத்து 4 பேர், 8 பேர், 16 பேர்... பத்து வருடம் கழித்துப் புதிதாக வாங்குகிறவர்கள் மட்டும் 1,024 பேர்! நிஜத்தில் கணக்கு இவ்வளவு சரியாக வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருவர் வயல் மூழ்கும். இன்னொருவருக்கு ஆற்றில் தண்ணீர் வராது. ஆனாலும் பாருங்கள், ஒரு ரகம் நூறு வயலில் இருந்தால் பத்து வயல் மூழ்கினாலும் தொண்ணூறு வயலில் பிழைத்துக்கொள்ளும்.

விதை நெல் வயலில் இன்னொரு வேலையும் உண்டு. கதிர் வரும் நேரத்தில் வயலுக்குள் நடந்து பார்க்க வேண்டும். தூயமல்லிக்கு நடுவே ஒரு பயிர் மட்டும் ஓங்கி நிற்கிறதா? கதிர் வேறு நிறமா? அது 'கலவன்'. உடனே பிடுங்கிவிட வேண்டும். விட்டால் அடுத்த வருடம் விதையில் கலந்துவிடும். அலுப்பான வேலைதான். அதைச் செய்யும் விவசாயிகளால்தான் தூயமல்லி இன்னும் தூயமல்லியாக இருக்கிறது.

ஏழில் தொடங்கியது 174 ரகமாக வளர்ந்தது. 'நெல்' என்பது ஜெயராமனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2018 டிசம்பர் 6ந் தேதி 'நெல்' ஜெயராமன் காலமானார். பிளஸ் டூ தாவரவியல் பாடப் புத்தகத்தில் அவரைப் பற்றி வந்திருக்கிறது. அக்காவோ அண்ணனோ இருந்தால் வாங்கிப் பாருங்கள்.

விதைக்கு உயிர் இருக்கிறதா என்று நீங்களே சோதிக்கலாம். உமியோடு இருக்கும் விதை நெல் நூறு எண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். (கடை அரிசி வேண்டாம், முளைக்காது!) ஒரு ராத்திரி ஊற வைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். சாக்கு காயாமல் தண்ணீர் தெளித்து, ஒரு வாரம் கழித்துப் பிரித்து எண்ணுங்கள். எண்பதுக்கு மேல் முளை விட்டிருந்தால் நல்ல விதை. தாத்தா வீட்டில் இரண்டு, மூன்று வருடப் பழைய நெல் கிடந்தால், அதிலும் நூறு எடுத்து இன்னொரு சாக்கில் வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பிரித்துப் பாருங்கள்.