பத்திரத்தில் ஒரு எண் தப்பானால் யாரைக் கேட்பது?

திருமுல்லைவாயலில் வீடு வாங்கிய நண்பர் ஒருத்தர், நாலு வருஷம் கழித்து பேங்க் லோனுக்காகப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு தப்பு. பக்கத்து மனையின் எண் ஏறியிருக்கிறது. வக்கீல் ஒப்பீனியன் கொடுத்தார், பத்திர எழுத்தர் டைப் அடித்தார், எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். யாரும் கவனிக்கவில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இது அபூர்வமில்லை. கிராமமாக இருந்து, மனைப்பிரிவாகி, பின் நகரமான இடங்கள் இவை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆனது. தாய்ப் பத்திரத்தில் பழைய சர்வே எண், பட்டாவில் புது உட்பிரிவு, சில இடத்தில் டவுன் சர்வே எண். ஒன்றைப் பார்த்து இன்னொன்றுக்கு மாற்றி எழுதும்போதுதான் கை தவறுகிறது.

முதல் வழி சுலபமானது: பிழைத்திருத்தல் பத்திரம். விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்து அதே சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிவு செய்வது. விற்றவர் இறந்துபோனால் வாரிசுகள் எல்லாரும் வரணும். அதனால்தான் தள்ளிப்போடக் கூடாது.

அவர்கள் வர மறுத்தால் கோர்ட். 1963-ம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 26-வது பிரிவு, மோசடியாலோ இரு தரப்புக்கும் பொதுவான தவறாலோ பத்திரம் உண்மையான எண்ணத்தைச் சொல்லாமல் போனால், அதைத் திருத்த உத்தரவிட வழி தருகிறது. இடையில் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து உரிமை பெற்ற மூன்றாம் நபரை அது பாதிக்காது. தவறு தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக 3 ஆண்டுக்குள் வழக்குப் போடணும். கவனமாகப் பார்த்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும் என்றால், அந்த நாளிலிருந்தே கணக்கு. நாலுபுற எல்லைகள் சரியாக எழுதியிருந்தால் அது பெரிய பலம். எண்ணும் எல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைக்கே கோர்ட்டுகள் முக்கியத்துவம் தருகின்றன.

சரி, செலவான பணம்? தப்பு செய்தவரிடம் வாங்க முடியுமா?

வக்கீல் என்றால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. 2007-ல் தேசிய ஆணையம் போகலாம் என்றது. 14 மே 2024-ல் டி.கே. காந்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்தது. ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. கவனக்குறைவால் வந்த நஷ்டத்துக்கு சிவில் வழக்குப் போடலாம். தொழில் ஒழுங்கீனம் என்றால் 1961-ம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 35-வது பிரிவின்படி பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். அங்கே தண்டனை கிடைக்குமே தவிர, நஷ்ட ஈடு கிடைக்காது. போலீஸ் கேஸ் சுலபமில்லை. பேங்க் பேனல் வக்கீல் ஒருவர் மீதான நாராயண ராவ் வழக்கில் (2012), தவறான ஒப்பீனியன் மட்டுமே குற்றமாகாது, சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம்.

பத்திர எழுத்தர், புரோக்கர், பேங்க் கதை வேறு. 2024 தீர்ப்பு வக்கீல்களைப் பற்றியது மட்டும். இவர்கள்மீது சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வாதாடிப் பார்க்கலாம். கெடு 2 ஆண்டு. பத்திர எழுத்தர் உரிமம் வாங்கித் தொழில் செய்பவர், ஆகவே பதிவுத்துறையிலும் புகார் கொடுக்கலாம். நல்லெண்ணத்தோடு கடமை செய்த சார்பதிவாளரைப் பதிவுச் சட்டத்தின் 86-வது பிரிவு காப்பாற்றுகிறது.

எந்த வழி என்றாலும் ஆதாரம் வேணும். ஒப்பீனியனை எழுத்தில், கையெழுத்தோடு வாங்குங்க. கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்க. கையெழுத்துப் போடுவதற்கு முன்னாடி, பட்டா, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, சொத்து விவரம் நாலையும் பக்கத்தில் வைத்து நீங்களே ஒவ்வொரு எண்ணாகப் படிச்சுப் பாருங்க. அரைமணி நேர வேலைதான்.

நண்பருக்கு அதிர்ஷ்டம். விற்ற பெரியவர் நல்லவர், உயிரோடும் இருந்தார். வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.