அயல்நாட்டில் ஒரு வாடகை விமானம்

ஊருக்கு ஊர் வாடகைச் சைக்கிள் கடை இருந்த காலத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நன்கு அறிவார்கள். "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கடைக்காரர் கேட்பார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொள்வார், சைக்கிள் நம் கைக்கு வந்துவிடும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சிறு விமானங்களும் ஏறத்தாழ இவ்வாறே மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கின்றன. சுவர்க் கடிகாரத்துக்குப் பதிலாக, என்ஜின் ஓடும் நேரத்தை ஒரு மணியில் பத்தில் ஒரு பங்குவரை கணக்கிடும் மானி ஒன்று விமானத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். எரிபொருளையும் உள்ளடக்கிய வாடகையை அந்நாட்டார் 'ஈர வாடகை' என்பர்; அது நீங்கலானது 'உலர் வாடகை'. வேடிக்கையான பெயர்கள்தாம், ஆயினும் முன்னதாகவே கேட்டுத் தெளிந்துகொள்ளாதவர் பின்னர்ப் பணப்பையைத் தடவிப் பார்க்க நேரும்.

இவ்வாறு கிடைப்பவற்றுள் மிகுதியும் காணப்படுவது செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை விமானம். 1955ஆம் ஆண்டில் முதன்முதல் பறந்த இவ்வகையில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டுள்ளன. நம் நாட்டில் உரிமம் பெற்ற இளைஞர் ஒருவர் அமெரிக்காவுக்குச் சுற்றுலாச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அங்கே அவர் இதனை எடுத்து ஓட்டலாமா?

சைக்கிள் கடைக்காரர் கேட்ட கேள்வியே இங்கும் எழுகிறது. ஆனால் இம்முறை அது விமானத்தைப் பற்றியது. 1944ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சிக்காகோ நகரில் கையெழுத்தான பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கை ஒரு நெறியை வகுத்தது. நாடு விட்டு நாடு செல்லும் விமானத்தை ஓட்டுபவரின் உரிமம், அவ்விமானம் எந்நாட்டுப் பதிவேட்டில் உள்ளதோ அந்நாடு வழங்கியதாகவோ ஏற்றுக்கொண்டதாகவோ இருத்தல் வேண்டும். உள்நாட்டுப் பறப்புக்கும் நாடுகள் இதனை ஒட்டியே சட்டம் செய்துகொண்டுள்ளன. இந்திய விமானங்களின் பதிவு 'விடி' என்றும், அமெரிக்க விமானங்களின் பதிவு 'என்' என்றும் தொடங்கும். ஆகவே 'என்' விமானத்தில் அமர்பவர் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றாக வேண்டும்.

அவ்வொப்புதலைப் பெறுவது பெரும்பாடன்று. புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னதாக விண்ணப்பித்தால், இந்திய உரிமம் மெய்யானதுதானா என்று அமெரிக்க விமானத்துறை நம் நாட்டு அதிகாரிகளிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளும். பின்னர் விண்ணப்பித்தவர் அந்நாட்டில் நேரில் தோன்றி, ஆங்கிலம் அறிந்தவர் என்பதையும் காட்டினால், இந்திய உரிமத்தை அடிப்படையாகக் கொண்ட அமெரிக்கச் சான்றிதழ் கிடைக்கும். பறந்து காட்டும் தேர்வு கிடையாது. ஆனால் அச்சான்றிதழ் மூல உரிமத்தின் நிழல் போன்றது. மூலம் செல்லாமற் போனால் நிழலும் மறைந்துவிடும். அன்றியும், பயிற்சி ஆசிரியர் ஒருவருடன் ஒரு மணி நேரமேனும் பாடம், ஒரு மணி நேரமேனும் பறப்பு என்னும் மறுபார்வையை இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை முடித்திருத்தல் வேண்டும்.

இத்தனை ஏடுகளும் கையில் இருந்தாலும், விமானத்தின் சாவி உடனே கைக்கு வருவதில்லை. வாடகைக்கு விடும் கழகத்தின் ஆசிரியர் தாமும் உடன் ஏறி ஒரு சுற்றுப் பறந்து பார்ப்பார். புதிதாக வந்தவருக்கு இது சற்று மான உணர்ச்சியைக் கிளறும்: "இருநூறு மணி பறந்த எனக்கா?" என்று தோன்றும். ஆயினும் உயிரைக் காப்பது பெரும்பாலும் இந்தச் சுற்றே. காரணத்தைக் கேளுங்கள்.

முதலில் அளவுகள். உயரமானியைத் திருத்துவதற்கு வேண்டிய காற்றழுத்தத்தை நம் நாட்டில் ஹெக்டோபாஸ்கலில் சொல்வர். அமெரிக்காவிலோ பாதரச அங்குலத்தில். இங்கே 1013.25 என்பது அங்கே 29.92. பிரிட்டிஷ் காலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.79 லிட்டர்தான். இதெல்லாம் சிறு கணக்கு என்று அலட்சியம் செய்தல் ஆகாது. 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடாவின் போயிங் 767 ஒன்று 41,000 அடி உயரத்தில் எரிபொருளின்றி நின்றுபோயிற்று. வேண்டியிருந்தது 22,300 கிலோகிராம். கணக்குப் பிழையால் இருந்ததோ அத்தனை பவுண்டு, அதாவது பாதிக்கும் குறைவு. விமானி கிம்லி என்னுமிடத்துப் பழைய ஓடுபாதையில் அதனை மிதக்கவிட்டு இறக்கினார்; அனைவரும் உயிர் தப்பினர். தேர்ந்த விமானிகளும் பணியாளர்களும் கூடியே தவறவிட்ட கணக்கு அது.

எடையும் அவ்வாறே. செஸ்னாவின் புதிய வகை, தன் எடை போகச் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 870 பவுண்டு. தொட்டி நிறைய 53 காலன். காலன் ஒன்றுக்கு ஆறு பவுண்டு வீதம் 318 பவுண்டு. மீதியைக் கிலோகிராமில் கண்டால் 250. வளர்ந்த நால்வரும் அவர்தம் பெட்டிகளும் இதற்குள் அடங்குமா என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். இருக்கை நான்கு என்பதனால் நால்வர் ஏறலாம் என்று பொருளன்று.

எல்லாவற்றினும் ஏமாற்றவல்லது காற்று. கொலராடோ மாநிலத்து ராக்கி மலைகளில் லெட்வில் என்னும் சிற்றூர் உண்டு. அதன் விமான நிலையம் கடல்மட்டத்துக்கு மேல் 9,934 அடி. நம் தொட்டபெட்டாச் சிகரத்தினும் உயரம். வட அமெரிக்காவில் அதைவிட உயர்ந்த விமான நிலையம் இல்லை. அத்துணை உயரத்தில் காற்று மெலிந்தது. கோடை நண்பகலில் வெப்பம் அதனை மேலும் மெலியச் செய்யும். வெப்பநிலை 20 பாகையாக இருக்கும் நாளில், அங்கு நிற்கும் விமானத்துக்குத் தான் 13,000 அடியில் இருப்பது போலவே காற்றின் அடர்த்தி அமைகிறது. செஸ்னா ஏறக்கூடிய உச்ச உயரமே 14,000 அடியை ஒட்டியது! என்ஜின், கடல்மட்டத்தில் தரும் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே தரும். இறக்கைகளும் மெலிந்த காற்றைப் பற்றி எழும்ப மிகுந்த வேகம் வேண்டும்: வேகமானி 55 நாட் என்று காட்டும்போது விமானத்தின் உண்மை வேகம் 67 நாட்டை எட்டியிருக்கும். ஆகவே ஓடுபாதை நீண்டுகொண்டே போகும், விமானம் எழாது.

கடலோரத்தில் பழகிய விமானி, எழும்புமுன் எரிபொருட் கலவையின் செந்நிறக் குமிழை முழுவதும் உள்ளே தள்ளுவார், பழக்கம் அது. இங்கே அப்படிச் செய்தால் காற்றுக்கு மிஞ்சிய பெட்ரோல் புகுந்து இருக்கும் ஆற்றலையும் குறைத்துவிடும். குமிழை ஓரளவு வெளியே இழுத்துக் கலவையை மெலிவிக்க வேண்டும் என்பதை உடன் அமர்ந்த ஆசிரியர் காட்டிக்கொடுப்பார். மலைமுகட்டை நேராக அணுகாமல் 45 பாகைச் சாய்வில் அணுகவேண்டும் என்பதும் அவர் சொல்வதே. முகட்டின் மறுபுறம் காற்று அருவிபோல் கீழ்நோக்கி இழுத்தால், சிறிது திரும்பினாலே தாழ்நிலத்தை நோக்கி விலகிவிடலாம். வழிசொல்லக் கட்டுப்பாட்டுக் கோபுரம் லெட்வில்லில் இல்லை. வருவோரும் போவோரும் தத்தம் இருப்பிடத்தை வானொலியில் தாமே அறிவித்துக்கொள்வர். "இன்று காற்றும் வெப்பமும் சரியில்லை, விமானம் தருவதற்கில்லை" என்று ஆசிரியர் சொன்னால், வாடகைப் பணத்தைக் காட்டி அவரோடு வழக்காடாதீர்கள்.

லெட்வில்லில் வந்து இறங்கும் விமானிகளுக்கு, அவ்வுயரத்தில் இறங்கியமைக்கு ஒரு நற்சான்றிதழ் வழங்குவார்கள். அதற்காகவே அங்குச் செல்வோர் பலர். விவரம் அறிந்தவர்கள் விடியற்குளிரில் வந்திறங்கி, சான்றிதழை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுமுன் கிளம்பிவிடுகிறார்கள்.