பெரிய மீனைக் கடலுக்கே விடுதல்

சிறு மீனை விட்டுவிட்டுப் பெரு மீனை எடுத்துக்கொள்வது மீன் பிடிப்போர் பலரும் அறிந்த முறை. இம்முறை தலைகீழாக மாறும் இடம் ஒன்று உண்டு. அலாஸ்காவிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலும் தூண்டிற்காரர் சிலர், ஆளுயர மீனைப் பிடித்தபின் அதனைக் கடலுக்கே விட்டுவிடுகின்றனர். அது ஏன், எவ்வாறு என்பதை இன்று காண்போம்.

அம்மீனின் பெயர் ஹாலிபட். நம் கடல்களில் கிடைக்கும் எருமைநாக்கு, நாக்குமீன் ஆகியவற்றைப் போல இதுவும் தட்டைமீன் வரிசையைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது பக்கத்திற்கொரு கண் இருக்கும். வளர வளர, இடக்கண் நகர்ந்து வலப்பக்கம் சேர்ந்துவிடும். பின்னர்க் கடலடியிலே படுத்து வாழும். 200 கிலோவுக்கு மேல் எடை கொண்டவையும் உண்டு.

இதனைப் பிடிக்கும் கருவிகளுள் ஒன்று 'ஜிக்'. ஈயம் போன்ற உலோகத்தால் செய்து, முள் பொருத்திய போலி இரை அது. அதனைக் கடலடிவரை இறக்கி, தூண்டிற்கோலை உயர்த்தியும் தாழ்த்தியும் ஆட்டினால், அடிபட்ட சிறுமீன் துள்ளுவதுபோல் தோன்றும். ஹாலிபட் எழுந்து வந்து கௌவும்.

பெரியதை விடுவானேன்? ஆண் ஹாலிபட் அவ்வளவு பெருப்பதில்லை. 45 கிலோவைத் தாண்டிய மீன் ஏறத்தாழ எப்போதும் பெண்ணே. அது முட்டையிடும் பருவம் எய்த ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆகின்றன. 23 கிலோ எடையுள்ள பெண்மீன் சுமார் 5 இலட்சம் முட்டை இடும். 113 கிலோவைத் தாண்டியது 40 இலட்சம் வரை இடக்கூடும். கணக்கிட்டுப் பாருங்கள். எடை பெருகியது ஐந்து மடங்கு. முட்டை பெருகியதோ எட்டு மடங்கு!

விட்ட மீன் பிழைக்குமா என்று நீங்கள் வினவலாம். மீன்கள் பலவற்றின் வயிற்றினுள் காற்றுப்பை உண்டு. ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது நீரின் அழுத்தம் குறைவதால், அப்பை உப்பி உறுப்புகளை நசுக்கிவிடும். ஹாலிபட்டுக்குக் காற்றுப்பை இல்லை. ஆகவே ஆழத்திலிருந்து வந்தும் அது திரும்பிச் செல்ல வல்லது.

ஆயினும், விடும் முறையில் கவனம் வேண்டும். படகினுள் ஏற்றலாகாது, தன் எடையாலேயே அதன் உள்ளுறுப்புகள் சிதையக்கூடும். அது வாலை வீசினால் நம் கால் எலும்பும் முறியலாம். ஆகவே நீரிலேயே படகோரம் நிறுத்தி, நீளத்தை மட்டும் அளக்க வேண்டும். நீளத்தைக் கொண்டு எடையை அறிய அட்டவணை உண்டு. கொக்கித்தடியால் குத்தலாகாது. முள்ளின் பின்னோக்கிய பல்லை முன்பே நசுக்கி வைத்திருந்தால், ஒரு திருப்பில் முள் கழன்றுவிடும். முள் தொண்டைக்குள் இறங்கியிருந்தால், பிடுங்காமல் நரம்பை அறுத்துவிடுவதே நன்று.

இதனால் மட்டும் கடல் நிறைந்துவிடாது. 1923ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடும் கனடாவும் உடன்படிக்கை செய்து, ஹாலிபட்டுக்கென்றே ஓர் ஆணையம் அமைத்தன. அவ்வாணையம் இன்றும் ஆண்டுதோறும் பிடிப்பின் அளவை வரையறுத்து வருகிறது. சட்டம் அளவைக் கூறும். கைக்கெட்டிய பெருமீனை விடும் மனத்தைச் சட்டம் தர இயலாது. உணவுக்கு நடுத்தர மீன் ஒன்று போதும். பசித்தாலும் விதைநெல்லில் கை வைக்காத உழவனின் அறிவே இங்கும் வேண்டுவது.