துருவும் தண்ணீரும் ஒரு மூட்டை மணலும்

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில் ஒரகடத்தைத் தாண்டும்போது இரண்டு வகை இரும்பு கண்ணில் படும். ஒன்று மதிலுக்கு உள்ளே இருப்பது. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் பாரத்பென்ஸ் லாரிகளுக்காக டைம்லர் என்று வரிசையாக வந்த ஆலைகளில், தகடு வெயிலைப் பார்ப்பதற்கு முன்பே எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, ரசாயனக் கரைசலில் நனைத்து, பெயின்ட் தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சி, சூளையில் சுட்டு எடுத்துவிடுகிறார்கள். இன்னொன்று வெளியே, வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கம் களத்துமேட்டில் கிடப்பது. ஒன்பது கொத்துக் கலப்பை, கேஜ் வீல், ரொட்டவேட்டர், உர மூட்டை ஏற்றியே தளம் அரித்துப்போன டிரெய்லர். சேற்றில் இறங்கிய கையோடு கழுவாமல் நிறுத்தியது, அடுத்த மழையில் நனைந்தது, அப்படியே துருவேறியது.

இந்த வெளி இரும்புக்கு வழக்கமான வைத்தியம் கிரைண்டரில் ஒயர் பிரஷ், பிறகு உப்புத்தாள், மேலே ரெட் ஆக்சைடு. மேடான இடத்துக்கு அது போதும். வெல்டிங் மூலையிலும் போல்ட் சந்திலும் பிரஷ் நுழையாது. துரு தொடங்குவதோ அங்கேதான். அந்த மூலைகளுக்காகத்தான் ஈர மணல் வீச்சைச் சொல்கிறேன். கார் கழுவும் பிரஷர் வாஷரின் முனையில் மாட்டுகிற ஒரு சின்ன கிட், ஒரு குழாய், ஒரு பக்கெட் மணல். சாமான் அவ்வளவுதான்.

மணல் வீசி இரும்பைச் சுத்தம் செய்வது பழைய வித்தை. அமெரிக்காவின் பெஞ்சமின் டில்மன் 1870இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அங்கே மணலைத் தள்ளியது காற்றும் நீராவியும். இங்கே தள்ளுவது தண்ணீர். பலர் பயப்படுவதுபோல் மணல் பம்புக்குள் போவதே இல்லை. முனையில் உள்ள சிறு அறையில் தண்ணீர் பீய்ச்சியடிக்கும்போது அங்கே உறிஞ்சல் உண்டாகும். அந்த உறிஞ்சலில் பக்கெட்டில் செருகிய குழாய் வழியாக மணல் ஏறிவந்து தண்ணீரோடு சேர்ந்து இரும்பில் மோதும்.

எல்லாம் வேகத்தில் இருக்கிறது. 150 பார் அழுத்தத்தில் தண்ணீர், கணக்குப்படி, வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் கிளம்பும். நம் ஊர் வாட்டர் சர்வீஸ் கடைகளில் ஓடுவது பெரும்பாலும் மருந்தடிக்கவும் பயன்படுகிற ஹெச்.டி.பி. பம்ப். அது 40 பார் பக்கம் நிற்கும். வேகம் பாதிதான் வரும். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டும், சேறு போகும், கெட்டித் துரு அசையாது. வீட்டுக்கு வாங்கும் சின்ன மெஷின் 100 பாரைத் தாண்டும், ஆனால் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர்தான் தரும். வேலை ஆகும், மெதுவாக ஆகும்.

மணல் காய்ந்திருக்க வேண்டும். சும்மா காய்ந்தால் போதாது, கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகவேண்டும். நவரை அறுவடை முடிந்த சித்திரை வெயில் இதற்குத் தோதான காலம். ஐப்பசியில் இறங்கினால் பாதி நேரம் குழாய் அடைப்பு எடுப்பதிலேயே போகும். தார்ப்பாயில் உலர்த்தி, கொசுவலையில் சலித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. நிறுத்தும்போது ஒரு சூட்சுமம் உண்டு. முதலில் குழாயை மணலிலிருந்து உருவிவிட்டு, உள்ளே மிச்சமுள்ள மணல் வெளியேறிய பிறகே விசையை விடவேண்டும். மாற்றிச் செய்தால் தண்ணீர் குழாயில் பின்னால் இறங்கி மணலைக் களியாக்கிவிடும். துப்பாக்கியை விளையாட்டாகக்கூடக் கை கால் பக்கம் திருப்பக் கூடாது. இந்த அழுத்தத்தில் தண்ணீர் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். உள்ளே ஆன காயம் அறுவை சிகிச்சை வரை கொண்டுபோகும்.

இனி எந்த மணல் என்ற கேள்வி. இதில்தான் ஆட்கள் அலட்சியமாக இருக்கிறார்கள். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. அது உடைந்து தூளாகி நுரையீரலுக்குள் போனால் சிலிக்கோசிஸ். பல வருடம் கழித்து மூச்சிரைப்பாக வரும், குணமாகாது, காசநோயையும் கூட்டிக்கொண்டு வரும். எம்-சாண்டுக்கு மாறினால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை, கருங்கல்லிலும் குவார்ட்ஸ் உண்டு. வார்ப்பு இரும்பை மணல் வீசிச் சுத்தம் செய்வதை பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே தடுத்தது. ஜீன்ஸ் துணியை வெளுக்க மணல் வீசிய இளைஞர்கள் வரிசையாக நோயில் விழுந்த பிறகு துருக்கி 2009இல் அதற்குத் தடை போட்டது. இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிக்கோசிஸை அரசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டிய நோய்களில் வைத்தது. களத்துமேடு தொழிற்சாலை இல்லை. அங்கே எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை.

தண்ணீர் இருக்கிறதே, தூசி எங்கே கிளம்பப் போகிறது என்பார்கள். வீசும்போது தூசி வெகுவாக அடங்கும் என்பது உண்மைதான், முழுக்க அடங்காது. அதைவிட மோசம் மறுநாள் காலை. தரையில் படிந்த சேறு காய்ந்து மாவாகக் கிடக்கும், யாராவது விளக்குமாற்றை எடுத்துப் பெருக்குவார்கள். அப்போது யார் முகத்திலும் கவசம் இருக்காது. ஈரம் காயும் முன்பே அள்ளிவிட வேண்டும்.

மாற்று நம் தென்கரையிலேயே இருக்கிறது. மணவாளக்குறிச்சியில் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் தாதுக்களில் கார்னெட்டும் ஒன்று. செந்நிறம், கனம், கடினம். தனிச் சிலிக்கா மிகக் குறைவு. இந்தத் தாது மணலை அள்ளியதில் நடந்த முறைகேட்டுப் புகார்களும் 2013இல் மாநில அரசு போட்ட தடையும் தனிக் கதை. ஆற்று மணலைவிடக் கார்னெட் விலை கூடுதல்தான். ஒரு கலப்பைக்கு ஆகும் அளவில் அந்த வித்தியாசத்தைப் பார்த்துத் தயங்குவதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. கார்னெட் என்றாலும் கவசமும் கண்ணாடியும் கட்டாயம். பறப்பது மணல் மட்டுமல்ல, பழைய பெயின்டும்தான்.

சரி, வீசியாயிற்று. பழுப்புத் தண்ணீர் வழிந்து முடிந்ததும் வெளிர் சாம்பல் நிறத்தில் இரும்பு தெரியும். பார்க்க அழகாக இருக்கும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் அதன்மேல் மஞ்சள் பூத்திருக்கும். ஈர இரும்பு காற்றைக் கண்டால் அப்படித்தான். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னும் சீக்கிரம். ஆகவே கடைசிக் கழுவலை நல்ல தண்ணீரில், முடிந்தால் துருத்தடுப்பு மருந்து கலந்து செய்து, கம்ப்ரசர் காற்றில் சந்துபொந்தெல்லாம் ஊதி உலர்த்தி, அன்றே பிரைமர் அடிக்க வேண்டும். லேசான மஞ்சளைப் பொறுத்துக்கொள்ளும் ‘சர்ஃபேஸ் டாலரன்ட்’ எபாக்சி என்றே ஒரு வகை கடைகளில் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அதுதான் பொருத்தம். பிரைமர் டப்பா கைவசம் இல்லாமல் பம்பை ஓடவிடுவது வீண் கூலி.

எல்லாவற்றையும் வீசித் தேய்க்கவும் வேண்டாம். கொழு முனைக்கு எதற்குப் பெயின்ட்? இரண்டு நாள் உழவில் மண்ணே அதைப் பளபளப்பாக்கிவிடும். சும்மா நிற்கும் மாதங்களில் கிரீஸ் தடவினால் போதும். ரொட்டவேட்டரின் பேரிங், ஆயில் சீல், ஹைட்ராலிக் கம்பி பக்கம் மணலைக் கொண்டுபோகவே கூடாது. ஒரு பொடி மணல் சீலுக்குள் நுழைந்தால் துருவைவிடப் பெரிய செலவு வரும். வீச்சு தேவைப்படுவது கலப்பையின் சட்டத்துக்கும், டிரெய்லர் சேஸிஸில் துருவேறிய இடங்களுக்கும், சேறு தங்குகிற மூலைகளுக்கும்தான்.

வழியும் சேற்றுத் தண்ணீரைக் கால்வாயில் விடுவது இந்தப் பகுதியில் சின்ன விஷயமல்ல. பிள்ளைப்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. சென்னை குடிப்பது அந்தத் தண்ணீரை. சேற்றோடு பழைய பெயின்டும் சேர்ந்துதான் வழியும். பெயின்டில் காரீயத்துக்கு 90 பி.பி.எம். என்று 2017 நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்த வரம்பு வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்டுகளுக்கு மட்டும். பழைய டிராக்டரின் சிவப்பிலும் மஞ்சளிலும் காரீயம் இருக்க வாய்ப்புண்டு. கீழே தார்ப்பாய் விரித்து, ஓரத்தை மடித்து, சேற்றைச் சாக்கில் அள்ளிவிடலாம்.

முழு டிரெய்லர் என்றால் இந்த வித்தையே வேண்டாம் என்பேன். இருபத்தைந்து கிலோ மூட்டை கால் மணி நேரம்கூடத் தாங்காது. சேஸிஸ் முடிவதற்குள் மணலுக்கும் ஆளுக்கும் ஆகும் செலவு பயமுறுத்தும். ஆலைகளை நம்பி இந்த வட்டாரத்தில் ஷாட் பிளாஸ்டிங், பவுடர் கோட்டிங் ஜாப் ஒர்க் பட்டறைகள் இருக்கின்றன. ஆர்டர் குறைந்த வாரமாகப் பார்த்துக் கேட்டால் ஒரு டிரெய்லர் தளத்தை ஏற்றிக்கொள்ள யாராவது சம்மதிப்பார்கள். அச்சையும் சக்கரத்தையும் கழற்றிவிட்டு, ‘எஸ்.ஏ. இரண்டரை வரைக்கும் அடிச்சுக் குடுங்க, பிரைமரும் இங்கேயே’ என்று, அதாவது துரு ஏறக்குறைய முழுக்கப் போகும் தரத்துக்கு, முதலிலேயே பேசிவிட வேண்டும். வெறும் இரும்பாக வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு வந்தால், வாலாஜாபாத் வருவதற்குள் மஞ்சள் பூக்கத் தொடங்கிவிடும்.